இருபத்தோர் இலக்க எண்ணின் கதை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம் மரபு. ஆயினும் பள்ளி ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்த்தால், எழுத்தாகிய கண்ணுக்கே விருந்து மிகுதியாக வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். கதையும் கவிதையும் பயணக் கட்டுரையும் பக்கங்களை நிரப்பும். எண்ணுக்கென்று ஒரு பக்கம் அமைவது அரிது. அக்குறையைச் சிறிதளவேனும் போக்கக் கருதி, இம்மலரில் ஓர் எண்ணின் கதையைக் கூற முன்வந்துள்ளோம். அந்த எண் இதுதான்:

147,573,952,589,676,412,927

இதில் இருபத்தோர் இலக்கங்கள் உள்ளன. பதினான்கு இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் கோடி கோடிக்கும் சற்று மிகுதியான எண் இது. இதனை வேறு எண்களாகப் பகுக்க இயலாது என்று 1644ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் எழுதி வைத்தார். அது தவறு என்று தெரிவதற்கு 232 ஆண்டுகள் ஆயின. தவறு என்று தெரிந்த பின்னும், எவ்வெண்களாகப் பகுக்கலாம் என்பதைக் காண மேலும் 27 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆனால் கண்ட விடை சரியா என்று பார்ப்பதற்கோ, நம் பள்ளியில் கற்பிக்கப்படும் பெருக்கற் கணக்கே போதுமானதாக இருந்தது. தேடுவது கடினம், சரிபார்ப்பது எளிது என்னும் இந்த வேறுபாடே இக்கதையின் உயிர்நிலை.

பகு எண்ணும் பகா எண்ணும்

தோட்டத்தில் கன்று நடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நம்மிடம் 24 ரப்பர் கன்றுகள் உள்ளன என்று கொள்வோம். நிரைக்கு 6 வீதம் 4 நிரைகளாக நடலாம். 8 வீதம் 3 நிரைகளாக நடலாம். 12 வீதம் 2 நிரைகளாகவும் நடலாம். எம்முறையில் நட்டாலும் ஒரு கன்றும் மிஞ்சாது. இவ்வாறு சம நிரைகளாகப் பிரிக்கக்கூடிய எண்ணைப் பகு எண் என்கிறோம். 4, 6, 8, 12 போன்றவை 24இன் காரணிகள்.

இனி, ஒரு கன்று பட்டுப்போய் 23 கன்றுகளே எஞ்சின என்று கொள்வோம். எத்தனை முறை மாற்றி மாற்றி நட்டாலும் சம நிரைகள் அமையமாட்டா. ஒரே நீண்ட நிரையாகவே நடவேண்டும். இத்தகைய எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை பகா எண்கள். 1 என்னும் எண்ணை இவ்விரு வகையிலும் சேர்ப்பதில்லை.

சிறிய எண் என்றால் பகு எண்ணா பகா எண்ணா என்று விரைவில் கூறிவிடலாம். சில எண்கள் நம்மை ஏமாற்றும். 91 என்னும் எண்ணைப் பார்த்தவுடன் பகா எண் என்றே பலர் கருதுவர்; ஆனால் அது 7 × 13 ஆகும். ஆகவே தோற்றத்தை நம்பாமல் வகுத்துப் பார்க்க வேண்டும்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது? இதற்கும் ஓர் எளிய விதி உண்டு. 97ஐச் சோதிப்பதாயின் 10க்கு மேல் போக வேண்டுவதில்லை. ஏனெனில் 10 × 10 = 100. ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால் அவை இரண்டுமே 10ஐ விடப் பெரியனவாக இருந்து, பெருக்கற்பலன் மட்டும் 97ஆக இருக்க முடியாது. இவ்விதியின்படி நம் இருபத்தோர் இலக்க எண்ணைச் சோதிக்க வேண்டுமாயின், சுமார் 1,214 கோடி வரையிலும் வகுத்துப் பார்க்க நேரிடும். ஒரு மனிதரின் வாழ்நாள் அதற்குப் போதாது.

நெல்மணியில் பிறந்த எண்

இந்த எண் எங்கிருந்து வந்தது? சதுரங்கப் பலகையையும் மன்னனையும் பற்றிய பழங்கதையை நம் பெற்றோர் அறிவர். பலகையின் முதற்கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே சென்று 64 கட்டங்களையும் நிரப்பித் தருமாறு அறிஞர் ஒருவர் கேட்டாராம். சிறிய பரிசு என்று நகைத்த மன்னன், தன் களஞ்சியம் முழுதும் கொடுத்தாலும் தீராது என்று பின்னர் உணர்ந்தானாம். மொத்த மணிகளின் எண்ணிக்கை இது:

18,446,744,073,709,551,615

இதைக் கணக்கிடக் குறுக்குவழி ஒன்று உண்டு. முதல் நான்கு கட்டங்களில் 1, 2, 4, 8 மணிகள். கூட்டினால் 15. அடுத்த கட்டத்தில் வரவேண்டியது 16. அதிலிருந்து ஒன்று குறைந்தால் 15. எத்தனை கட்டங்கள் ஆயினும் இதே முறைதான். ஆகவே 64 கட்டங்களின் கூட்டுத்தொகை, 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பதாகும்.

பலகையில் இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்த்து 67 கட்டங்களாக்கினால் என்ன ஆகும்? அப்போது கிடைக்கும் மொத்த மணிகளின் எண்ணிக்கையே நாம் முதலில் எழுதிக் காட்டிய எண். அஃதாவது, 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த எண்.

சதுரங்கப் பலகையின் எண் 5இல் முடிகிறது. ஆகவே அது 5ஆல் வகுபடும். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகவே 3ஆலும் வகுபடும். அது பகு எண் என்பதை நான்காம் ஆண்டு மாணவரும் ஒரு நிமிடத்தில் கூறிவிடுவர். நம் எண்ணோ அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அது 7இல் முடிகிறது. எனவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 109. எனவே 3ஆலும் வகுபடாது. 7, 11 போன்றவற்றால் வகுத்தாலும் மீதி நிற்கும்.

மெர்சென் எழுதிய பட்டியல்

பிரான்சு நாட்டில் மரேன் மெர்சென் என்னும் துறவி ஒருவர் வாழ்ந்தார். 1588இல் பிறந்து 1648இல் மறைந்த அவர், கணிதத்திலும் இசையியலிலும் தேர்ந்தவர். ஐரோப்பிய அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு வைத்து, ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவித்து, அறிவுக்குப் பாலமாக விளங்கியவர்.

இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களுள் எவை பகா எண்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். இரண்டு இரண்டுகளைக் கொண்டால் 3. மூன்று கொண்டால் 7. ஐந்து கொண்டால் 31. ஏழு கொண்டால் 127. இவை யாவும் பகா எண்கள். நான்கு கொண்டால் 15. ஆறு கொண்டால் 63. இவை பகு எண்கள். இரண்டுகளின் எண்ணிக்கை பகு எண்ணாயின், விடையும் பகு எண்ணாகவே அமையும். ஆனால் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் விடை பகா எண்ணாகிவிடாது. 11 இரண்டுகளைக் கொண்டால் கிடைப்பது 2,047. அது 23 × 89 ஆகும்.

1644இல் வெளியிட்ட நூலில் மெர்சென் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையிலான எண்களுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய எண்ணிக்கையில் இரண்டுகளைக் கொண்டால் மட்டுமே பகா எண் கிடைக்கும் என்றார். அத்துணைப் பெரிய எண்களை அவர் வகுத்துப் பார்த்திருக்க இயலாது என்பதை அக்கால அறிஞரும் உணர்ந்தே இருந்தனர். எனினும் மறுத்துரைக்க எவரிடமும் கருவி இல்லை. 1772இல் ஆய்லர் என்னும் பேரறிஞர், 31 இரண்டுகளால் ஆகும் 2,147,483,647 பகா எண்ணே என்று உறுதி செய்தார். அதற்கு மேற்பட்டவை நம்பிக்கையின் பேரிலேயே நின்றன.

பின்னாளில் பட்டியலில் ஐந்து பிழைகள் இருப்பது தெரிந்தது. 67உம் 257உம் சேர்க்கப்படக்கூடாதவை. 61, 89, 107 ஆகியவை விடுபட்டவை. ஆயினும் இவ்வகை எண்கள் இன்றும் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன. தவறினாலும் நல்ல வினாவை எழுப்பியவரை உலகம் மறப்பதில்லை.

பானையைத் தட்டிப் பார்த்தவர்

67இன் பிழையை முதலில் வெளிப்படுத்தியவர் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். ஆண்டு 1876. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், நம் எண் பகு எண் என்று அவர் நிறுவினாரேயன்றி, அதன் காரணி ஒன்றைக்கூட அவர் கூறவில்லை, அவருக்கே தெரியாது!

இஃது எவ்வாறு இயலும் என்று மாணவர் கேட்கலாம். நம் பாட்டிமார் மண்பானை வாங்கும் முறையை நினைத்துப் பாருங்கள். பானையைத் தூக்கி விரலால் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மந்தமாக இருந்தால், எங்கோ விரிசல் உள்ளது. விரிசல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருப்பது உறுதி. லூக்கா கண்டுபிடித்ததும் எண்களைத் தட்டிப் பார்க்கும் முறையே. அதனை லேமர் என்னும் அமெரிக்க அறிஞர் 1930இல் எளிமைப்படுத்தினார்.

முறை இதுதான். 4இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி 2ஐக் கழிக்க. வந்ததைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அந்த மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. இரண்டுகளின் எண்ணிக்கையை விட இரண்டு குறைவாக இத்தனை முறை என்று கணக்கு வைத்துக்கொள்க. இறுதியில் மீதி 0 ஆனால், அது பகா எண். மீதி நின்றால், பகு எண்.

31ஐச் சோதிப்போம். அஃது ஐந்து இரண்டுகளால் ஆனது. எனவே மூன்று முறை செய்தல் வேண்டும். முதல் முறை: 4 × 4 = 16; 2 போக 14. இரண்டாம் முறை: 14 × 14 = 196; 2 போக 194; 31ஆல் வகுத்தால் மீதி 8. மூன்றாம் முறை: 8 × 8 = 64; 2 போக 62; 31ஆல் வகுத்தால் மீதி 0. ஆகவே 31 பகா எண். பானை கணீரென்று ஒலித்துவிட்டது.

2,047க்கு இதே முறையை ஒன்பது தடவை செய்தால் இறுதியில் மீதி 1,736 நிற்கும். ஆகவே அது பகு எண். 23, 89 என்னும் காரணிகள் இக்கணக்கில் எங்கும் தலைகாட்டாமலே முடிவு கிடைத்துவிட்டது. ஆர்வமுள்ள ஆறாம் ஆண்டு மாணவர் ஒரு பிற்பகலில் இதனைச் செய்து பார்க்கலாம்.

லூக்கா தம் முறையால் 67இன் எண் விரிசல் உடையது என்று கண்டார். அதே 1876இல், 127 இரண்டுகளால் ஆகும் 39 இலக்க எண் பகா எண்ணே என்றும் கண்டார். அவ்வகையில் மெர்சென் ஒரு பிழையும் செய்தார். ஒரு மெய்யும் உரைத்தார்.

சொல்லில்லாச் சொற்பொழிவு

விரிசல் இருப்பது தெரிந்தது. அஃது எங்கே?

1903ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல், பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிக் கட்டுரை படைக்க வந்தார். அன்று நிகழ்ந்ததைக் கணித எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் விவரித்துள்ளார். கோல் ஒன்றும் பேசாமல் கரும்பலகையை அடைந்து, 67 இரண்டுகளின் பெருக்கற்பலனைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்து எழுதினார். பின்னர்ப் பலகையின் மறுபுறம் சென்று இரண்டு எண்களை எழுதி, ஒன்றை மற்றொன்றால் பெருக்கத் தொடங்கினார்.

193,707,721 × 761,838,257,287

நிரை நிரையாகப் பெருக்கிக் கூட்டினார். இரு புறமும் ஒரே விடை வந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் தம் இருக்கைக்குத் திரும்பி அமர்ந்தார். அவையோர் கையொலி எழுப்பினர். எவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. எழுப்புவதற்கு என்ன இருந்தது? மெய் பலகையில் எழுதப்பட்டிருந்தது.

இதனைக் காண எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் பின்னர் வினவியபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையளித்தாராம். ஏறத்தாழ 156 ஞாயிறுகள்! ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்வு பெறும் நம் தோட்டத்துப் பெற்றோர்க்கு ஒரு ஞாயிற்றின் அருமை தெரியும்.

சலித்தெடுக்கும் கலை

கோல் கண்மூடித்தனமாக ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தாரா? இல்லை. அவ்வாறு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். சிறிய காரணி 19 கோடிக்கும் மேற்பட்டது. இரட்டை எண்களை விட்டுவிட்டாலும், அதுவரை ஒன்பது கோடியே 68 இலட்சம் ஒற்றை எண்கள் உள்ளன. நிமிடத்திற்கு ஒன்று வீதம் இரவு பகலாகச் சோதித்தாலும் 184 ஆண்டுகள் ஆகும்.

இங்கேதான் அறிவு உழைப்புக்குத் துணை வருகிறது. மெர்சென் எண்ணின் காரணி எதுவாயினும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால், இரண்டுகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கான எண்ணால் மீதியின்றி வகுபடும் என்பது நிறுவப்பட்ட உண்மை. 2,047 பதினொன்றால் ஆனது. இரு மடங்கு 22. காரணி 23இலிருந்து ஒன்று போனால் 22. காரணி 89இலிருந்து ஒன்று போனால் 88, அஃதாவது 22 × 4. நம் எண்ணுக்கு 67இன் இரு மடங்கு 134. ஆகவே 135, 269, 403 என்று 134 தாண்டித் தாண்டிச் சென்றால் போதும். இப்போது சோதிக்க வேண்டியவை 14 இலட்சத்து 45 ஆயிரத்து 580 எண்களே. அதே வேகத்தில் 184 ஆண்டு வேலை இரண்டே முக்கால் ஆண்டு வேலையாகிவிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும். இவ்விதி எஞ்சியவற்றிலும் பாதியைத் தள்ளிவிடும். கோல் இவற்றோடு நில்லாமல், மேலும் நுண்ணிய சல்லடைகளைக் கொண்டு ஆகாத எண்களைக் கழித்துக்கொண்டே சென்றார். நல்ல கணக்கு என்பது மிகுதியாக வகுப்பதன்று. வகுக்க வேண்டாதவற்றை அறிவது.

இராமானுசனின் எண்கள்

நம் எண்ணின் இரு காரணிகளும் பகா எண்களே. ஆகவே அதனை வகுக்கும் எண்கள் நான்கே: 1, அந்த இரண்டு காரணிகள், அவ்வெண். இதற்கு நேர்மாறான எண்களும் உண்டு. ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், தமக்கு முற்பட்ட எந்த எண்ணையும் விட மிகுதியான வகுக்கும் எண்களைக் கொண்ட பகு எண்களை ஆராய்ந்து 1915இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். 12 அத்தகையது, அதனை வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. அவர் தந்த அட்டவணையில் 6,746,328,388,800 என்னும் எண் உள்ளது. பதின்மூன்று இலக்கமே உடைய அதனை வகுக்கும் எண்கள் 10,080! இருபத்தோர் இலக்க எண்ணுக்கு நான்கு. பதின்மூன்று இலக்க எண்ணுக்குப் பதினாயிரத்துக்கும் மேல். எண்ணின் பருமன் வேறு, அதன் இயல்பு வேறு என்பது இதனால் விளங்கும்.

நாமும் பெருக்கிப் பார்ப்போம்

கோல் செய்த பெருக்கலை நாமும் செய்யலாம். கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்க. 761,838,257,287ஐ மேலேயும் 193,707,721ஐக் கீழேயும் எழுதுக. கீழ் எண்ணில் ஒன்பது இலக்கங்கள் இருப்பினும், 2, 3, 7, 9 ஆகிய நான்கு வாய்பாடுகளே தேவை.

1ஆல் பெருக்க: 761,838,257,287
2ஆல் பெருக்க: 1,523,676,514,574
3ஆல் பெருக்க: 2,285,514,771,861
7ஆல் பெருக்க: 5,332,867,801,009
9ஆல் பெருக்க: 6,856,544,315,583

இவற்றை 1, 2, 7, 7, 0, 7, 3, 9, 1 என்னும் வரிசையில் ஒவ்வோர் இடம் இடப்புறம் தள்ளி எழுதிக் கூட்டுக.

விடையைச் சோதிக்க ஒன்பதைக் கழிக்கும் முறை உதவும். இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஓரிலக்கமாக்குக. முதற்காரணிக்கு 37, பின் 10, பின் 1. இரண்டாம் காரணிக்கு 64, பின் 10, பின் 1. இரண்டையும் பெருக்கினால் 1. விடைக்கு 109, பின் 10, பின் 1. பொருந்துகிறது.

இக்கட்டுரையை எழுதுமுன் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இப்பெருக்கலை வீட்டுப்பாடமாகக் கொடுத்தோம். மறுநாள் ஒரு மாணவி தயங்கியவாறு தாளை நீட்டினாள். “ஐயா, ஒன்பதைக் கழித்துப் பார்த்தால் சரியாக வருகிறது. ஆனால் எங்கள் அப்பா இலக்கங்களை எண்ணிப் பார்த்து, இருபதுதான் இருக்கிறது, ஒன்று குறைகிறது என்கிறார்” என்றாள். பார்த்தோம். பூச்சியத்திற்கு உரிய இடத்தை விடாமல் அடுத்த நிரையை எழுதியிருந்தாள். பூச்சியம் கூட்டுத்தொகையை மாற்றாது. ஆகவே ஒன்பதைக் கழிக்கும் முறைக்கு அப்பிழை தெரியவில்லை. பால் வெட்டிக் களைத்து வந்த தந்தையின் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் பள்ளியில் கற்றது ஆறு ஆண்டுகளே என்று பின்னர் அறிந்தோம். ஒரு சோதனையோடு நின்றுவிடலாகாது என்பதை அன்று மாணவர்க்கு அவரே கற்பித்தார்; நாங்களும் கற்றுக்கொண்டோம்.

இன்றைய பயன்

கோல் மூன்றாண்டு தேடியதை இன்றைய கணினி ஒரு நொடிக்குள் கண்டுவிடும். ஆனால் எண்ணை இன்னும் பெரிதாக்கினால் கணினியும் திணறும். இத்திணறலையே 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்னும் மூவர் பூட்டாக மாற்றினர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் பகு எண்ணை ஊரறிய வெளியிடலாம். அதனைக் கொண்டு எவரும் செய்தியைப் பூட்டலாம். காரணிகளை அறிந்தவர் மட்டுமே திறக்கலாம். அவ்வாண்டு அறைகூவலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்த, 1994இல் சுமார் 600 தன்னார்வலர் தம் கணினிகளை ஒன்றுசேர்த்து உழைக்க வேண்டியதாயிற்று. இன்று வங்கிகளும் கைப்பேசிகளும் இணையத்தில் செய்தியைக் காக்கும் முறைகளுள் இதுவும் ஒன்று.

தட்டிப் பார்த்து விரிசல் உண்டு என்று அறிந்தும் இடம் காணப்படாத பானைகளும் உள்ளன. 1,277 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 385 இலக்க எண் பகு எண் என்பது உறுதி. ஆனால் 2024ஆம் ஆண்டு இறுதி வரை அதன் ஒரு காரணியையும் எவரும் கண்டாரில்லை.

நாம் கொள்ள வேண்டியது

அன்பிற்குரிய மாணவச் செல்வங்களே! மெர்சென் பேரறிஞர். ஆயினும் அவர் எழுதியது 67ஐப் பொறுத்தவரை பிழை. அதனைத் திருத்தியது பட்டமோ பதவியோ அன்று. ஒரு பெருக்கற் கணக்கு. சரிபார்க்கும் உரிமை, வாய்பாடு அறிந்த ஒவ்வொருவருக்கும் உண்டு.

பெற்றோர்களே! நம் பாட்டனார் காலத்தில் வேலை நாள் கணக்கையும் பாலின் எடையையும் பிறர் எழுத, நம்மவர் கைநாட்டு வைத்தனர். கணக்குச் சரியாக இருந்த நாளும் உண்டு. இல்லாத நாளும் உண்டு. எது எந்நாள் என்று அறியும் வழி அவர்களிடம் இல்லை. அவ்வழி இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. சம்பளச் சீட்டு வரும் நாளில் அதனைப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைப் பற்றுச்சீட்டையும் கொடுங்கள். அவன் தவறினால் நீங்கள் திருத்துங்கள். நீங்கள் தவறினால் அவன் திருத்தட்டும்.

இம்மலரில் அச்சான எண்களையும் அவ்வாறே சரிபாருங்கள். அச்சுப்பிழை கண்டால் எங்களிடம் வந்து கூறுங்கள்; மகிழ்வோடு ஏற்றுக்கொள்வோம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு தாள், ஒரு பென்சில் இருந்தால் போதும். கோல் அன்று கரும்பலகையில் கண்டதை நீங்களும் உங்கள் வீட்டுத் திண்ணையில் காண்பீர்கள்.